வண்ணாரப்பேட்டை: ஒரு பெயர் போய்ச் சேர்ந்த விதம்

சென்னை வண்ணாரப்பேட்டையை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் சிலர் ‘வாஷர்மேன்பேட்’ என்று எழுதுவார்கள், சிலர் ‘வாஷர்மென்பேட்’ என்று எழுதுவார்கள். கடைப் பலகை, முகவரி, பள்ளிச் சான்றிதழ் எதைப் பார்த்தாலும் இரண்டும் கலந்தே கிடக்கும். எழுத்துப் பிழை என்று தள்ளிவிடலாம். தமிழ்ப் பெயரை வைத்துப் பார்த்தால் குழப்பம் எங்கே தொடங்கியது என்று தெரியும். ‘வண்ணார்’ என்பதன் கடைசியில் இருக்கும் ‘ஆர்’ மரியாதைக்கும் வரும், பன்மைக்கும் வரும், ஆண் பெண் இருபாலாரையும் சேர்த்தே குறிக்கும். ஒருவரா பலரா என்று அது சொல்லாது. ஆங்கிலத்தில் அப்படியொரு விகுதி கிடையாது. மொழிபெயர்க்கிறவர் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். ‘மேன்’ என்றால் ஒற்றை ஆள், ‘மென்’ என்றால் கூட்டம். எதை எழுதினாலும் மரியாதை வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது. ஆண்களோடு சேர்ந்து துணி வெளுத்த பெண்களும் பெயரிலிருந்து காணாமல் போகிறார்கள்.

அந்த ‘ஆர்’ சாதாரண விஷயமில்லை. அடையாற்றுப் பக்கம் இருக்கும் இன்னொரு இடத்துக்கு வண்ணாந்துறை என்று பெயர். அங்கே ‘ஆன்’தான். தொழில் நடந்த தண்ணீர்த்துறையை ஊரார் ஒருமையில் கூப்பிட்டார்கள். குடியிருந்த பேட்டைக்கு மட்டும் மரியாதை ஒட்டிக்கொண்டது. இது தற்செயலாகவும் இருக்கலாம். ஆனாலும் தெற்கே திருநெல்வேலியில் தாமிரபரணிக் கரையில் ஒரு வண்ணார்பேட்டை, கடல் தாண்டி யாழ்ப்பாணத்தில் ஒரு வண்ணார்பண்ணை என்று குடியிருப்புப் பெயர்களில் ‘ஆர்’ நிற்பதைப் பார்க்கும்போது, யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்ற கணக்கு இந்தப் பெயர்களுக்குள் எங்கோ இருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

வண்ணார் என்ற சொல்லை ‘வண்ணம்’ என்பதிலிருந்து வருவிப்பது வழக்கம். வண்ணம் என்றதும் நமக்குச் சாயம்தான் நினைவுக்கு வரும். தமிழில் அது அழகையும் குறிக்கும். அழுக்கேறி ஒளி மங்கிய துணிக்கு அதன் பொலிவைத் திருப்பித் தருகிறவர் வண்ணார். இந்தத் தொழிலுக்கு வேறு பெயர்களும் இருந்தன. சங்கப் பாடல்களில் துணி வெளுப்பவள் புலைத்தி. பிற்கால நூல்களிலும் நிகண்டுகளிலும் காழியர், ஏகாலியர், ஈரங்கொல்லியர் என்று வரும். ஈரத்தைக் கொல்கிறவர் என்று ஒரு தொழிலாளிக்குப் பெயர் வைத்தவன் நிச்சயம் மழைக்காலத்தில் துணி காயப்போட்டு அல்லாடியவனாகத்தான் இருக்க வேண்டும்.

அறுபத்துமூவரில் ஒருவரான காஞ்சிபுரத்துத் திருக்குறிப்புத் தொண்டர் இந்த ஏகாலியர் குலம். பெயரிலேயே குறிப்பு இருக்கிறது. அடியார் மனத்தில் இருப்பதை வாய் திறந்து சொல்லாமலே அறிந்து தொண்டு செய்தவர். சேக்கிழார் சொல்லும் கதையில் சிவன் கிழவனாக வந்து ஒரு கந்தையைக் கொடுத்து, பொழுது சாய்வதற்குள் வெளுத்துக் காயவைத்துத் தரச் சொல்கிறார். மழை பிடித்துக்கொள்கிறது. சொன்ன சொல் தவறிவிட்டதே என்று தொண்டர் கல்லில் தலையை மோதிக்கொள்ளப் போகிறார். உரையாடலை ஆராய்கிறவர்கள் உட்கார்ந்து படிக்க வேண்டிய கதை இது. சொல்லாத குறிப்பையெல்லாம் படிக்கத் தெரிந்தவரை, வெளிப்படையாகச் சொன்ன ஒரு வாக்கு சாகிற அளவுக்குக் கொண்டுபோகிறது.

அவர் குலத்தின் அன்றாடத் தொழிலிலும் குறி உண்டு. வண்ணான் குறி என்பார்கள். சேங்கொட்டையின் சாற்றை எடுத்துத் துணியின் ஓரத்தில் புள்ளியும் கோடுமாக இடுவது. வெள்ளாவியில் வேகவைத்தாலும் கல்லில் அடித்தாலும் போகாது. பத்து வீட்டு வேட்டிகள் ஒரே மூட்டையில் கலந்தாலும் எது எந்த வீட்டுடையது என்று அந்தக் குறி சொல்லிவிடும். துணிக்குச் சொந்தக்காரருக்கு அதைப் படிக்கத் தெரியாது. வெளுக்கிற குடும்பத்துக்கு மட்டும் தெரியும். அடையாளம் தெரியாத உடல் கிடைத்தால் சட்டையில் சலவைக் குறி இருக்கிறதா என்று போலீசார் தேடிய காலம் ஒன்று இருந்தது. பள்ளிக்கூடத்துக்குள் விடப்படாதவர்கள் தங்களுக்கென்று வைத்திருந்த எழுத்துமுறை அது என்று சொன்னால் மிகையாகாது.

பேட்டைக்கு வருவோம். 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனி இந்த மணல்வெளியில் இடம் வாங்கியதற்கு முக்கியமான காரணம் துணி. தறியிலிருந்து இறங்கும் துணி கஞ்சியோடு பழுப்பாக இருக்கும். கப்பலேறுவதற்கு முன் அதை வெளுத்தாக வேண்டும். அதற்குத் தண்ணீர் வேண்டும், உவர்மண் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக விரித்துக் காயப்போட வெட்டவெளி வேண்டும். கம்பெனி கட்டிய கோட்டைக்கு வடக்கே கறுப்பர் நகரம், அதற்கும் வடக்கே வெளுப்பவர்களின் குடியிருப்பு என்று ஊர் நீண்டது. கம்பெனிப் பதிவுகளில் அவர்கள் ‘வாஷர்ஸ்’. வெளுப்பு சரியில்லை என்றால் லண்டனில் விலை விழும். ஆகவே வண்ணார் யார், என்ன செய்கிறார் என்பது கோட்டைக்குள் இருந்த கணக்குப்பிள்ளைக்கும் துபாஷிக்கும் வெள்ளைக்கார வணிகனுக்கும் ஒரே மாதிரி தெரிந்த விஷயம். தெரிய வேண்டிய விஷயம்.

அதனால்தான் இந்தப் பெயர் ஓசையாகப் போகாமல் பொருளாகப் போனது. மயிலாப்பூரையும் எழும்பூரையும் வாய்க்கு வந்தபடி திரித்துச் சொன்ன அதே ஆங்கிலேயர் இங்கே மட்டும் அர்த்தத்தைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். பின்பாதியான ‘பேட்டை’யை அப்படியே விட்டார்கள், ஏனென்றால் அதற்குள் அது அவர்கள் சொல்லாகவே ஆகிவிட்டது. கோட்டைக்கு வெளியே இருக்கும் வணிகர், கைவினைஞர் குடியிருப்பை ‘பெட்டா’ என்று அவர்கள் எழுதினார்கள். கொழும்பில் தமிழர் புறக்கோட்டை என்று சொல்லும் இடத்துக்கு ஆங்கிலப் பெயர் இன்றும் பெட்டாதான்.

இதற்கு நேர் எதிரான கதை வடக்கே நாலைந்து கிலோமீட்டரில் இருக்கிறது. திருவொற்றியூர் உள்ளிட்ட ஐந்து கிராமங்கள் 1717-இல் கம்பெனியின் கைக்கு வந்தன. அந்த ஆண்டு ஆளுநராக வந்தவர் ஜோசப் காலட், 1720 வரை இருந்தார். நெசவாளர்களையும் சீட்டித் துணிக்கு வண்ணம் தீட்டுவோரையும் குடியமர்த்தி அங்கே ஒரு பேட்டை உண்டாக்கினார். தன் பெயரையே வைத்தார். காலட் பேட்டை. நெசவாளர்களுக்குக் காலட் யாராக இருந்தால் என்ன? தறியில் உட்கார்ந்தவர்களுக்கு அந்தப் பெயருக்குள் ஒன்றும் இல்லை, வெறும் சத்தம். சத்தத்தை வாய் தனக்குத் தெரிந்த சொல்லின் பக்கம் இழுத்துக்கொண்டது. காலட் பேட்டை காலாடிப்பேட்டை ஆயிற்று. தமிழில் காலாடி என்றால் வேலைவெட்டி இல்லாமல் ஊர் சுற்றுகிறவன். தன் பெயர் நிலைக்க வேண்டும் என்று ஊர் அமைத்த ஆளுநருக்கு முந்நூறு ஆண்டுகளாகக் கிடைத்துவரும் பட்டம் இது. கேட்க நன்றாக இல்லை என்று சிலர் ‘காலடிப்பேட்டை’ என்றும் எழுதுகிறார்கள். மெட்ரோ நிலையத்துக்கும் இந்தப் பேட்டையின் பெயர்தான். 2021 பிப்ரவரியில் திறந்தார்கள்.

1948-இல் பெல் தொலைபேசி ஆய்வகத்தில் வேலை பார்த்த கிளாட் ஷானன் தகவல் பரிமாற்றத்துக்கு ஒரு வரைபடம் போட்டார். அனுப்புகிறவர், கம்பி, வாங்குகிறவர், நடுவே புகுந்து கெடுக்கும் இரைச்சல். தொலைபேசிக்கு அது போதும். காலட்டுக்கு நேர்ந்ததை அந்தப் படத்தால் விளக்க முடியாது, ஏனென்றால் கம்பியில் கோளாறே இல்லை. பெயர் தெளிவாகத்தான் காதில் விழுந்தது. ஆறு ஆண்டுகள் கழித்து வில்பர் ஷ்ராம் வேறொன்றைச் சேர்த்தார். சொல்கிறவருக்கு ஓர் அனுபவ வட்டம், கேட்கிறவருக்கு ஒன்று. இரண்டும் எந்த அளவுக்கு ஒன்றன்மேல் ஒன்று படிகிறதோ அந்த அளவுக்குத்தான் பொருள் கைமாறும் என்றார். தொல்காப்பிய உரியியல் படித்தவர்களுக்கு இது புதிதாக இராது. எவ்வளவு விளக்கினாலும் பொருள் தெளிவது கேட்பவரின் உணர்வைப் பொறுத்தது என்பது அங்கே முன்பே சொல்லப்பட்டதுதான். வண்ணாரும் கம்பெனியும் கூடிய வட்டத்தில் துணி இருந்தது. காலட்டின் பெயரும் நெசவாளியும் கூடிய வட்டத்தில் ஒன்றுமே இல்லை.

ராயபுரத்தில் வட்டம் வேறு மாதிரி படிந்தது. தமிழ்க் கத்தோலிக்கருக்குப் பேதுரு என்றால் ராயப்பர். அங்கே அவருக்குக் கோயில் இருக்கிறது. ஊருக்கு அதுவே பெயர். பேதுரு என்ற பெயருக்குக் கல் என்று பொருள், தெலுங்கில் ‘ராயி’ என்றாலும் கல். 

தண்டையார்பேட்டையில்தான் சிக்கல். ஆங்கிலத்தில் ‘தொண்டியார்பேட்’, தமிழில் தண்டையார்பேட்டை. இராமநாதபுரம் தொண்டிப் பக்கத்திலிருந்து வந்த குணங்குடி மஸ்தான் சாகிபு இங்கே வாழ்ந்து 1838-இல் மறைந்தார், தொண்டியார் இருந்ததால் தொண்டியார்பேட்டை, அது மருவித் தண்டையார்பேட்டை என்பது ஊரறிந்த விளக்கம். அழகான விளக்கம், அவருடைய தர்காவும் இருப்பதால் நம்பவும் தோன்றும். ஆனால் எழும்பூர், புரசைவாக்கத்தோடு இந்தக் கிராமமும் கம்பெனிக்குக் கிடைத்தது 1693-இல். அன்றைய ஆங்கிலப் பதிவில் பெயர் ‘தண்டோர்’. மஸ்தான் சாகிபு பிறப்பதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன்பு. மருவியது தண்டை என்பதைவிட, முன்பே இருந்த தண்டையைத் தொண்டியாக்கிக் கேட்டது பின்னால் வந்த பக்தி என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. காலாடி என்று கேட்ட காதும் தொண்டியார் என்று கேட்ட காதும் செய்தது ஒரே வேலைதான். ஒன்றில் கேலி விழுந்தது, மற்றதில் அன்பு விழுந்தது.

    

2020 ஜூன் மாதம் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றும் ஆணையை வெளியிட்டது. எந்த நெடிலுக்கு எத்தனை எழுத்து, எந்த வல்லினத்தை இரட்டிப்பது என்று நாடே ஒரு வாரம் சண்டை போட்டது; சில நாளில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஒலியைச் சரியாக எழுத வேண்டும் என்ற ஆசையில் தவறில்லை. திருநெல்வேலியைச் சிதைத்து எழுதியதை மாற்றத்தான் வேண்டும். ஆனால் வண்ணாரப்பேட்டையின் ஆங்கிலப் பெயரில் சிதைவு இல்லை, மொழிபெயர்ப்பு இருக்கிறது. அதை ஓசைப்படி மாற்றினால் மரியாதைக்குரிய ‘ஆர்’ ஆங்கில எழுத்துகளில் திரும்பக் கிடைக்கும், துணி வெளுத்த செய்தி ஆங்கிலம் படிக்கிறவருக்கு மறைந்துபோகும். எம்.சி. ரோட்டில் கல்யாணத்துக்குத் துணி எடுக்க நெருக்கியடித்துக்கொண்டு போகும் கூட்டத்தில் அந்தச் செய்தி யாருக்கு வேண்டும் என்று கேட்டால், எனக்கு வேண்டும். பேட்டை இன்னும் துணியை விடவில்லை என்பதைப் பார்க்கிற எவருக்கும் வேண்டும்.

வேன்களில் ஏறி எண்ணூருக்கு வேலைக்குப் போகும் வடமாநிலத் தொழிலாளர்கள் வாஷர்மேன்பேட் என்கிறார்கள், ஊர்க்காரர்கள் வண்ணாரப்பேட்ட என்கிறார்கள். எதைச் சொல்லி ஆட்டோவில் ஏறினாலும் ஓட்டுநர் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: “பழைய வண்ணாரப்பேட்டையா, புதுசா?”