போர்ன்மவுத் ஈரடுக்குப் பேருந்துகள்

போர்ன்மவுத் ஈரடுக்குப் பேருந்துகள் எனப்படுபவை, இங்கிலாந்தின் தெற்குக் கடற்கரையில் அமைந்துள்ள போர்ன்மவுத் நகரில் இயங்கிய மேல்தளம் கொண்ட பொதுப் போக்குவரத்து வண்டிகள் ஆகும். இவற்றின் வரலாறு 1902 ஆம் ஆண்டில் நகராட்சி தொடங்கிய டிராம் சேவையிலிருந்து தொடங்குகிறது. டிராம், டிராலி பேருந்து, டீசல் பேருந்து என வண்டிகளின் வகை மாறியபோதும், உரிமையாளர் ஒருவராகவே நெடுங்காலம் இருந்தார். அது நகராட்சியே ஆகும். 2005 ஆம் ஆண்டில் இந்நிலை மாறியது. "யெல்லோ பசஸ்" (மஞ்சள் பேருந்துகள்) என்ற பெயரில் இயங்கிய நிறுவனம் ஆகஸ்ட் 4, 2022 அன்று சேவையை நிறுத்திக்கொண்டது.

பின்னணி

போர்ன்மவுத் 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவான ஒரு புதிய ஊர். 1870 ஆம் ஆண்டில் தொடருந்துப் பாதை வந்த பிறகு, உடல்நலம் தேடி வருவோரும் விடுமுறைப் பயணிகளும் பெருகினர். மணற்பாங்கான உயர்ந்த கடற்பாறைகளும், அவற்றைப் பிளந்து கடலை நோக்கி இறங்கும் சிறு பள்ளத்தாக்குகளும் இவ்வூரின் நில அமைப்பாகும். இதனால் நகர் மையத்திலிருந்து பல திசைகளில் செல்லும்போது மேடு ஏறவேண்டியுள்ளது. நகரின் மேற்கே பூல், கிழக்கே கிறைஸ்ட்சர்ச் ஆகிய பழமையான ஊர்கள் உள்ளன.

பிரித்தானிய மின் இழுவை நிறுவனம் என்ற தனியார் நிறுவனம் 1901 ஆம் ஆண்டில் பூல் நகரிலிருந்து போர்ன்மவுத் எல்லைவரை டிராம் பாதை அமைத்தது. அந்நிறுவனம் போர்ன்மவுத்துக்குள்ளும் பாதை அமைக்க விரும்பியது. நகராட்சி இதனை ஏற்காமல், தானே டிராம் நடத்தும் அதிகாரத்தை 1901 ஆம் ஆண்டில் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் பெற்றது. நகரத் தெருக்களில் என்ன ஓடவேண்டும், அது எப்படித் தோன்றவேண்டும் என்பதை நகரமே முடிவு செய்யவேண்டும் என்ற எண்ணம் இதில் வெளிப்பட்டது.

டிராம் வண்டிகள் (1902–1936)

நகராட்சியின் டிராம் சேவை ஜூலை 23, 1902 அன்று தொடங்கியது. இருப்புப் பாதையின் அகலம் 3 அடி 6 அங்குலம் ஆகும். வண்டிகளில் பெரும்பாலானவை திறந்த மேல்தளம் கொண்ட ஈரடுக்கு வண்டிகள்.

மேலே கம்பிகள் தொங்குவது நகர் மையத்தின் அழகைக் கெடுக்கும் என்று கருதப்பட்டதால், அங்கு மட்டும் நிலத்தடி மின்னூட்ட முறை பின்பற்றப்பட்டது. இம்முறையில் தண்டவாளங்களுக்கு நடுவே சாலையில் ஒரு குறுகிய பிளவு விடப்படும். அதன் அடியிலுள்ள கால்வாயில் மின் கடத்திகள் இருக்கும். வண்டியின் அடியிலிருந்து இறங்கும் கலப்பை போன்ற கருவி அவற்றைத் தொட்டு மின்சாரம் பெறும். கடற்கரை ஊர் ஒன்றில் மணலும் மழைநீரும் புகும் இக்கால்வாயைப் பராமரிப்பது செலவு மிக்கதாக இருந்தது. 1911 ஆம் ஆண்டில் இம்முறை கைவிடப்பட்டு, மேல்நிலைக் கம்பிகள் நகர் முழுவதும் அமைக்கப்பட்டன.

1905 ஆம் ஆண்டில் டிராம் பாதை கிறைஸ்ட்சர்ச் வரை நீண்டது. அதே ஆண்டில் பூல் நகராட்சி தன் எல்லைக்குள் இருந்த தனியார் பாதையை வாங்கி, 30 ஆண்டுக் குத்தகைக்குப் போர்ன்மவுத் நகராட்சியிடம் அளித்தது. இவ்வாறு மூன்று ஊர்களும் ஒரே சேவையால் இணைக்கப்பட்டன.

மே 1, 1908 அன்று இச்சேவையின் மிகக் கொடிய விபத்து நிகழ்ந்தது. சரிவில் இறங்கிய ஒரு டிராம் வண்டி கட்டுப்பாட்டை இழந்து, வளைவில் தடம் புரண்டு, சாலையோரத் தோட்டத்தினுள் விழுந்தது. இதில் ஏழு பேர் உயிரிழந்தனர்.

1935 ஆம் ஆண்டில் பூல் குத்தகை முடிவுற்றது. அந்நகரின் டிராம் சேவைக்கு மாற்றாக "ஹான்ட்ஸ் அண்ட் டோர்செட்" என்ற தனியார் நிறுவனத்தின் பேருந்துகள் வந்தன. 1916 ஆம் ஆண்டில் போர்ன்மவுத்திலேயே தொடங்கப்பட்ட இந்நிறுவனம், நகராட்சிக்கு அண்டையிலேயே வளர்ந்த போட்டியாளர் ஆகும். கடைசி டிராம் ஏப்ரல் 8, 1936 அன்று ஓடியது. பத்து ஈரடுக்கு டிராம் வண்டிகளை வேல்சிலுள்ள மற்றொரு கடற்கரை ஊரான லாண்டுட்னோவின் டிராம் நிறுவனம் வாங்கியது. அங்கும் பாதையின் அகலம் அதே 3 அடி 6 அங்குலமாக இருந்ததே இதற்குக் காரணம். அவை அங்கு 1956 ஆம் ஆண்டுவரை ஓடின.

டிராலி பேருந்துகள் (1933–1969)

டிராலி பேருந்து என்பது மேல்நிலைக் கம்பிகளிலிருந்து மின்சாரம் பெற்று, சாதாரணச் சாலையில் காற்றடைத்த சக்கரங்களில் ஓடும் வண்டியாகும். டிராமில் மின்சாரம் தண்டவாளத்தின் வழியே திரும்பிச் செல்கிறது. தண்டவாளம் இல்லாத டிராலி பேருந்துக்கு இரண்டு கம்பிகளும், அவற்றைத் தொடக் கூரைமேல் இரண்டு நீண்ட கோல்களும் தேவை. மின் இயக்கி நின்ற நிலையிலிருந்தே முழு இழுவிசை தருவதால், மேடான சாலைகளில் இவ்வண்டிகள் எளிதாக ஏறின. ஓசையும் புகையும் இல்லாததால், ஓய்வுக்காக மக்கள் வரும் ஊருக்கு இவை பொருத்தமாக இருந்தன.

மே 13, 1933 அன்று நகர் மையத்துக்கும் வெஸ்ட்போர்னுக்கும் இடையே நான்கு வண்டிகளுடன் சோதனைச் சேவை தொடங்கியது. சோதனை வெற்றி பெற்றதால், டிராம் பாதைகளை முழுவதுமாக மாற்ற நகராட்சி முடிவு செய்தது. 1934 முதல் 1936 வரை நூற்றுக்கும் மேற்பட்ட "சன்பீம் எம்எஸ்2" வகை வண்டிகள் வாங்கப்பட்டன. மூன்று அச்சுகளும் 56 இருக்கைகளும் கொண்ட ஈரடுக்கு வண்டிகள் இவை. மேலே மூடிய கூரையும், வெளியே வெளிர் மஞ்சள் வண்ணமும் இவற்றுக்கு இருந்தன. அந்த மஞ்சளே பின்னாளில் நிறுவனத்தின் பெயராகவும் ஆனது.

இரண்டு படிக்கட்டுகள்

போர்ன்மவுத் வண்டிகளின் தனித்தன்மை அவற்றின் படிக்கட்டு அமைப்பாகும். அக்காலத்தில் பிரித்தானிய ஈரடுக்குப் பேருந்துகளில் பெரும்பாலும் ஒரே வாயிலும் ஒரே படிக்கட்டும் இருந்தன. இறங்குவோர் வரும்வரை ஏறுவோர் காத்திருக்க நேர்ந்தது. போர்ன்மவுத் வண்டிகளில் பின்புறம் ஏறும் மேடையும், முன்புறம் இறங்கும் கதவும் அமைக்கப்பட்டன. மேல்தளத்துக்கும் பின்னால் ஒன்றும் முன்னால் ஒன்றுமாக இரண்டு படிக்கட்டுகள் இருந்தன. இதனால் மக்கள் ஒரே திசையில் நகர்ந்தனர். கோடைக்கால நெரிசலில் நிறுத்தங்களில் வீணாகும் நேரம் குறைந்தது. இரண்டாம் படிக்கட்டு சில இருக்கைகளின் இடத்தை எடுத்துக்கொண்ட போதிலும், போருக்குப் பிறகு 1950 ஆம் ஆண்டில் வாங்கிய 24 டிராலி பேருந்துகளிலும் நகராட்சி முன்வாயிலை விடவில்லை.

கிறைஸ்ட்சர்ச் சுழல்மேடை

கிறைஸ்ட்சர்ச்சின் குறுகிய தெருக்களில் நீண்ட வண்டிகள் திரும்ப இடமில்லை. டிராம் இரு முனைகளிலும் ஓட்டக்கூடியது என்பதால் அதற்கு இச்சிக்கல் எழவில்லை. டிராலி பேருந்துக்காக 1936 ஆம் ஆண்டில் ஒரு விடுதியின் பின்புறத்தில் சுழல்மேடை அமைக்கப்பட்டது. வண்டி மேடைமீது நின்றதும் கோல்களைக் கம்பியிலிருந்து இறக்கி, பணியாளர்கள் கையால் தள்ளியே மேடையைத் திருப்புவர். எடை சீராகப் பரவியிருந்ததால் மின்விசை ஏதும் தேவைப்படவில்லை. டிராலி பேருந்துக்கான சுழல்மேடைகள் உலகில் மிகச் சிலவே இருந்தன. இம்மேடை இன்றும் பாதுகாக்கப்பட்ட கட்டமைப்பாக உள்ளது.

போர்க்காலம்

இரண்டாம் உலகப் போரின்போது கடற்கரைக்கு விடுமுறைக்கு வருவோர் குறைந்ததால், போர்ன்மவுத்தில் வண்டிகள் மிகுதியாயின. மற்ற நகரங்களிலோ பற்றாக்குறை நிலவியது. 1940 டிசம்பரில் 18 வண்டிகள் லண்டனுக்கு இரவலாக அனுப்பப்பட்டன. நியூகாசில், லனெத்லி, சவுத் சீல்ட்சு, வால்சால் ஆகிய இடங்களிலும் போர்ன்மவுத் வண்டிகள் ஓடின.

திறந்த மேல்தளமும் முடிவும்

1958 ஆம் ஆண்டில் போருக்கு முந்தைய மூன்று டிராலி பேருந்துகளின் கூரை அகற்றப்பட்டு, சுற்றுலாப் பயணிகளுக்காகத் திறந்த மேல்தள வண்டிகளாக மாற்றப்பட்டன. அவற்றில் ஒன்று இன்றும் பாதுகாக்கப்படுகிறது.

1962 ஆம் ஆண்டில் "சன்பீம் எம்எப்2பி" வகையில் புதிய வண்டிகள் வந்தன. அவற்றுள் 301 ஆம் எண் வண்டியே பிரித்தானிய நகர் ஒன்றுக்காக அந்நாட்டில் உருவாக்கப்பட்ட கடைசி டிராலி பேருந்தாகும். ஆனால் நாடு முழுவதும் டிராலி பேருந்துகள் மூடப்பட்டு வந்தன. உற்பத்தி நின்றதால் உதிரி உறுப்புகள் கிடைப்பது கடினமாயிற்று. ஏப்ரல் 20, 1969 அன்று போர்ன்மவுத்தின் டிராலி பேருந்துச் சேவை முடிவடைந்தது. கடைசியாக வாங்கிய வண்டிகள் அப்போது ஏழு ஆண்டுகளே பழமையானவை.

டீசல் பேருந்துகள்

நகராட்சி 1906 ஆம் ஆண்டிலேயே மோட்டார் பேருந்துகளை இயக்கத் தொடங்கியிருந்தது. போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் லெய்லாந்து நிறுவனத்தின் "டைட்டன்" வகை ஈரடுக்குப் பேருந்துகள் வாங்கப்பட்டன. இதே டைட்டன் வகையை அசோக் லேலண்ட் நிறுவனம் 1967 முதல் சென்னையை அடுத்த எண்ணூரில் தயாரித்தது.

1960களின் நடுப்பகுதியில் "டைம்லர் ஃப்ளீட்லைன்" வண்டிகள் வந்தன. இவற்றில் இயந்திரம் பின்னால் இருந்ததால், வாயிலை ஓட்டுநரின் அருகிலேயே அமைக்க முடிந்தது. 1966 முதல் பிரித்தானியச் சட்டம் ஈரடுக்குப் பேருந்துகளை நடத்துநர் இன்றி இயக்க இடமளித்தது. பயணச்சீட்டு வழங்கும் பணியும் ஓட்டுநரிடமே வந்தது.

1965 ஆம் ஆண்டில் வாங்கிய சில ஃப்ளீட்லைன்களின் கூரையைக் கழற்றிப் பூட்ட முடிந்தது. கோடையில் திறந்த வண்டியாகவும் குளிர்காலத்தில் மூடிய வண்டியாகவும் அவை ஓடின. இவற்றில் ஏழினை 1970களின் இறுதியில் லண்டன் போக்குவரத்து நிறுவனம் தன் நகர்ச் சுற்றுலாச் சேவைக்காக வாங்கியது.

உடைமை மாற்றங்கள்

1985 ஆம் ஆண்டின் போக்குவரத்துச் சட்டம், லண்டனுக்கு வெளியே பேருந்து வழித்தடங்களைப் போட்டிக்குத் திறந்துவிட்டது. நகராட்சிகள் தம் பேருந்துத் துறைகளைத் தனி நிறுவனங்களாகப் பிரிக்கவேண்டும் என்றும் அது கூறியது. எனவே 1986 ஆம் ஆண்டில் போர்ன்மவுத் போக்குவரத்து நிறுவனம் உருவானது. பங்குகள் நகராட்சியிடம் இருந்தன; அன்றாட நிர்வாகம் நிறுவனத்திடம் சென்றது.

இக்காலத்தில் பழைய போட்டியாளரும் உருமாறியது. ஹான்ட்ஸ் அண்ட் டோர்செட் 1983 ஆம் ஆண்டில் பிரிக்கப்பட்டபோது, பூல், போர்ன்மவுத் பகுதி "வில்ட்ஸ் அண்ட் டோர்செட்" நிறுவனத்துக்கு வந்தது. 2003 ஆம் ஆண்டில் கோ-அஹெட் என்ற பெருங்குழுமம் அதனை வாங்கியது. 2004 ஆம் ஆண்டில் "மோர்" என்ற புதிய வணிகப் பெயருடன் பூலையும் போர்ன்மவுத்தையும் இணைக்கும் முதன்மை வழித்தடங்களில் அது அடிக்கடி பேருந்துகளை இயக்கத் தொடங்கியது.

2005 டிசம்பரில் நகராட்சி தன் நிறுவனத்தின் பெரும்பங்கைப் பிரான்சு நாட்டின் டிரான்ஸ்டெவ் குழுமத்துக்கு விற்றது. 2011 ஆம் ஆண்டில் அது பாரிசின் பொதுப் போக்குவரத்து நிறுவனமான ஆர்ஏடிபி வசம் சென்றது. தன் சொந்தப் பேருந்துகளை விற்ற ஓர் ஆங்கிலேய நகரில், பிரான்சு அரசுக்குச் சொந்தமான நிறுவனம் பேருந்து ஓட்டும் நிலை இதனால் ஏற்பட்டது. 2019 ஜூலையில் நிறுவனத்தின் மேலாளர்களே அதை வாங்கினர்.

சேவை நிறுத்தம்

2020 இல் தொடங்கிய கொரோனாப் பெருந்தொற்று பயணிகளின் எண்ணிக்கையைக் கடுமையாகக் குறைத்தது. செலவுகளும் உயர்ந்தன. பெருங்குழுமம் ஒன்றின் துணையும் நகராட்சியின் துணையும் இல்லாத நிறுவனத்தால் இதைத் தாங்க முடியவில்லை. 2022 ஜூலை இறுதியில் அது கடன்தீர்வு நிர்வாகிகளின் பொறுப்பில் விடப்பட்டது. ஆகஸ்ட் 4 அன்று மஞ்சள் பேருந்துகள் நின்றன. மறுநாள் முதல் கோ-அஹெட் குழுமத்தின் "மோர்பஸ்" பல வழித்தடங்களை ஏற்று நடத்தியது. 1935 இல் பூல் நகரின் டிராம் சேவைக்கு மாற்றாக வந்த நிறுவனத்தின் வழித்தோன்றலே, 87 ஆண்டுகளுக்குப் பின் போர்ன்மவுத்தையும் பெற்றது.

பயணிகளைப் பொறுத்தவரை பெரும்பாலான தடங்களில் பேருந்து தொடர்ந்து வந்தது. ஆனால் எந்தத் தடம் தொடரவேண்டும், எது கைவிடப்படவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை, 1901 இல் நகராட்சி போராடிப் பெற்ற அந்த உரிமை, அப்போது அதனிடம் இல்லை.

ஒப்பீடு

1960களின் இறுதியில் பிரித்தானியாவில் ஏறத்தாழ நூறு நகராட்சிகள் சொந்தமாகப் பேருந்து நடத்தின. இன்று அத்தகைய நிறுவனங்கள் பத்துக்கும் குறைவு. ரெடிங், நாட்டிங்காம், இப்சுவிச், கார்டிப் ஆகியவற்றுடன், மற்றொரு கடற்கரை ஊரான பிளாக்பூலும் இவற்றுள் அடங்கும். 2017 ஆம் ஆண்டின் பேருந்துச் சேவைகள் சட்டம் இங்கிலாந்தில் உள்ளூராட்சிகள் புதிதாகப் பேருந்து நிறுவனம் தொடங்குவதைத் தடை செய்தது. 2025 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட புதிய சட்டம் அத்தடையை நீக்கியது.

காலவரிசை

1902 – நகராட்சி டிராம் சேவை தொடக்கம்
1905 – கிறைஸ்ட்சர்ச், பூல் இணைப்பு
1908 – டிராம் விபத்து. ஏழு பேர் மரணம்
1911 – நிலத்தடி மின்னூட்ட முறை கைவிடப்படல்
1933 – டிராலி பேருந்துச் சோதனை
1936 – கடைசி டிராம், கிறைஸ்ட்சர்ச் சுழல்மேடை
1958 – திறந்த மேல்தள டிராலி பேருந்துகள்
1969 – கடைசி டிராலி பேருந்து
1986 – தனி நிறுவனமாகப் பிரிப்பு
2005 – டிரான்ஸ்டெவ் குழுமத்துக்கு விற்பனை
2011 – ஆர்ஏடிபி வசம் மாற்றம்
2019 – மேலாளர்கள் வாங்குதல்
2022 – சேவை நிறுத்தம்