ஒரு பள்ளி ஆசிரியர் வளர்த்த உதைபந்தாட்ட அணி

மாலை வேளையில் நமது கடற்கரை மணலில் வெறுங்காலோடு பந்துதைக்கும் வாலிபர்களைக் கண்டு மகிழாதார் யார்? அவர்களுக்கும், அவர்களை வளர்க்கும் பெரியோர்களுக்கும் ஹைதராபாத் ஆசிரியர் ஒருவரின் வரலாறு பயன் தருவதாகும்.

சையது அப்துல் ரகீம் என்பது அவர் பெயர். உஸ்மானியா பல்கலைக்கழகத்திற் கற்றுப் பள்ளி ஆசிரியரானவர். 1950ஆம் ஆண்டில் ஹைதராபாத் நகரப் பொலிஸ் அணியின் பயிற்சியாளரானார். அவ்வாண்டே அவ்வணி ரோவர்ஸ் கிண்ணத்தை வென்றது. 1954 வரை ஐந்தாண்டுகள் அக்கிண்ணம் தொடர்ந்து அவ்வணியிடமே இருந்தது.

இதன் இரகசியம் யாது? பந்தைத் தாமே கொண்டோடுவதை விலக்கிய போட்டிகளை அவர் நடத்தினார். பந்து கிடைத்ததும் தோழனுக்கு அனுப்பியே ஆகவேண்டும். பழக்கமில்லாத காலால் மாத்திரம் ஆடும் போட்டிகளும் உண்டு. தன்னலமும் சோம்பலும் இவ்வாறு அகன்றன.

இந்திய அணியும் அவர் பொறுப்பில் வந்தது. 1951இல் புதுடில்லி ஆசிய விளையாட்டு விழாவில் தங்கம் கிட்டியது. மறு ஆண்டு ஹெல்சிங்கியிலோ யூகோஸ்லாவியாவிடம் 10–1 என்ற பெருந்தோல்வி! குளிர் நாட்டு மைதானத்தில் நம்மவர் பலர் வெறுங்காலோடு ஆடினர். அத்தோல்விக்குப் பின் பாதணி கட்டாயமாயிற்று. குறையை ஒப்புக்கொண்டு திருத்தியமையாலன்றோ, 1956இல் மெல்பேர்ணில் அவுஸ்திரேலியாவை 4–2 என வென்று நான்காமிடம் பெற முடிந்தது!

1962இல் ஜகார்த்தாவில் முதலாட்டத்திலேயே தென்கொரியாவிடம் 2–0 எனத் தோல்வி. பீட்டர் தங்கராஜ், பலராம் முதலியோர் இடம்பெற்ற அவ்வணி மனந்தளரவில்லை. இறுதியாட்டத்தில் அதே தென்கொரியாவையே சந்தித்தது. அரசியற் பிணக்கொன்றினால் மைதானத்திற் கூடியிருந்தோர் இந்தியாவுக்கு எதிராக ஆரவாரித்தனர். பின்வரிசை வீரரான ஜர்னெயில் சிங், தலையில் தையலிட்ட காயத்தோடு முன்வரிசையில் நின்று ஒரு கோல் அடித்தார். பி. கே. பானர்ஜி மற்றதை அடித்தார். 2–1 என வெற்றி! அந்நாளில் ரகீமைப் புற்றுநோய் வருத்திக்கொண்டிருந்தது. 1963 ஜூன் 11இல் அவர் காலமானார்.

கரைவலையைத் தனியொருவன் இழுத்துவிட முடியாது. எல்லோரும் ஒருசேர இழுத்தாலன்றி மடி கரை சேராது. நம் முன்னோர் கடலிற் கற்ற இப்பாடத்தையே அந்த ஆசிரியர் மைதானத்திற் கற்பித்தார். வாலிபர்களே, பந்து உங்கள் காலுக்கு வரும்போது தோழனையும் ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள்!