கோமாரி 2001: கொல்லச் சொல்லப்பட்ட மருத்துவர்கள்

கோமாரி நோய் என்றால் மாடு வளர்ப்பவர்களுக்கு விளக்கவே வேண்டாம். வாயிலும் குளம்பிலும் கொப்புளம், காய்ச்சல், தீனி எடுக்காமை, பால் வற்றிப்போதல்... வளர்ந்த மாடுகள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ஆனால் இதே நோய் 2001-ல் பிரிட்டனுக்குள் நுழைந்தபோது 60 லட்சத்துக்கும் அதிகமான ஆடு, மாடு, பன்றிகள் கொல்லப்பட்டன! விவசாயிகளின் நஷ்டம் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. அந்தப் பண்ணைகளுக்குப் போய் கொல்லும் வேலையை முன்னின்று நடத்திய கால்நடை மருத்துவர்களுக்கு என்ன ஆனது? அது அதிகம் பேசப்படாத வரலாறு.

எப்படித் தொடங்கியது?

2001 பிப்ரவரி 19 அன்று எசெக்ஸில் ஓர் இறைச்சிக்கூடத்தில் சில பன்றிகளிடம் கொப்புளங்கள் தெரிந்தன. மறுநாள் கோமாரி என்று உறுதியானது. நோயின் தொடக்கம் வடக்கே நார்தம்பர்லேண்டில் இருந்த ஒரு பன்றிப் பண்ணை என்று பின்னர் கண்டுபிடித்தார்கள். அங்கிருந்து பக்கத்துப் பண்ணை ஆடுகளுக்குத் தொற்றி, அந்த ஆடுகள் ஹெக்ஸம், லாங்டவுன் சந்தைகளுக்குப் போய், நாடு முழுக்க நோய் பரவியது. கால்நடைகளை எங்கும் கொண்டுபோகக் கூடாது என்ற தடை பிப்ரவரி 23-ல்தான் வந்தது. அதற்குள் காரியம் கைமீறிவிட்டது.

தடுப்பூசி போட்டிருக்கலாமே என்று கேட்கலாம். தடுப்பூசி போட்டால் 'நோயற்ற நாடு' என்ற தகுதி திரும்பக் கிடைக்கத் தாமதமாகும், இறைச்சி ஏற்றுமதி அடிபடும். அதனால் அரசு கொல்லும் வழியைத் தேர்ந்தெடுத்தது. மார்ச் மாதக் கடைசியில் கணித மாதிரிகளை வைத்து ஒரு கடுமையான விதி வந்தது. நோய் கண்ட பண்ணையின் கால்நடைகளை 24 மணி நேரத்துக்குள்ளும், அதை ஒட்டிய பண்ணைகளின் கால்நடைகளை 48 மணி நேரத்துக்குள்ளும் கொன்றுவிட வேண்டும். அதாவது நோய் அறிகுறியே இல்லாத ஆடு மாடுகளையும்!

தலைகீழான வேலை

மார்ச், ஏப்ரல் அங்கே ஆடுகள் குட்டி போடும் காலம். குட்டிகளும் சேர்ந்தே கொல்லப்பட்டன. மிக அதிகமாகப் பாதிக்கப்பட்ட கம்ப்ரியாவில், கிரேட் ஆர்ட்டன் என்ற பழைய விமானத்தளத்தில் மட்டும் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட உடல்கள் புதைக்கப்பட்டன. வேலைக்கு ராணுவம் வந்தது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கா, கனடாவிலிருந்தெல்லாம் மருத்துவர்கள் வந்தார்கள்.

நோயுள்ள பண்ணைக்குள் போய்வந்த மருத்துவர் சில நாட்களுக்கு நோயில்லாத பண்ணையில் கால் வைக்கக் கூடாது என்பது விதி. நியாயமான விதிதான். ஆனால் அப்படிப்பட்டவர் அடுத்த சில நாட்களுக்குப் போகக்கூடிய இடம் இன்னொரு நோயுள்ள பண்ணைதான். உள்ளூர் மருத்துவர் என்றால் இன்னும் சிக்கல். போன வருடம் பிரசவம் பார்த்த அதே மாட்டைக் கொல்ல ஏற்பாடு செய்ய வேண்டும். பல வருடம் பழகிய விவசாயியின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லவும் வேண்டும்.

பெயர் இருந்தது, உதவி இல்லை

இந்த நிலைக்கு அப்போதே பெயர் உண்டு. வேலையால் வரும் முழுச் சோர்வை 'பர்ன்அவுட்' என்று 1974-ல் எழுதியவர் நியூயார்க்கின் உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர். 1992-ல் கார்லா ஜாய்ன்சன் செவிலியர்களைப் பற்றி எழுதும்போது 'கருணைச் சோர்வு' என்று பொருள்படும் சொல்லைப் பயன்படுத்தினார். 1995-ல் சார்லஸ் ஃபிக்லி அதைப் பற்றிப் புத்தகமே வெளியிட்டார். பிறர் வலியைத் தொடர்ந்து சுமப்பவருக்கு ஒரு கட்டத்தில் இரங்கும் சக்தியே தீர்ந்துபோவதுதான் இது. விலங்குகளுடன் வேலை செய்வோரிடம் இன்னொன்றும் உண்டு என்றார் சமூகவியலாளர் ஆர்னால்ட் ஆர்லூக். நேசிக்கும் கையே கொல்லவும் வேண்டிய முரண்பாடு அது.

பெயர்கள் புத்தகத்தில் இருந்தன. களத்தில் நின்றவருக்கு அதனால் பெரிய பயன் இல்லை.

டைரிகள் சொன்னது

நோய் அடங்கிய பிறகு லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கம்ப்ரியாவில் 54 பேரை வாராவாரம் டைரி எழுதச் சொன்னார்கள். விவசாயிகள், களப்பணியாளர்கள், சிறு வியாபாரிகள் என்று பலதரப்பட்டவர்கள். 18 மாதம் எழுதினார்கள். 2005-ல் முடிவு வெளியானது. நெருங்கியவரை இழந்தது போன்ற துக்கம், மறுபடி வந்துவிடுமோ என்ற பயம், அதிகாரிகள் மீது நம்பிக்கையின்மை ஆகியவை கடைசி வரை டைரிகளில் வந்துகொண்டே இருந்தன. விவசாயக் குடும்பங்களைத் தாண்டி மற்றவர்களிடமும் இந்த வேதனை இருந்தது.

அவர்கள் சொன்ன பரிந்துரைகளில் ஒன்று முக்கியமானது. களப்பணியாளர்கள் வேலை முடிந்ததும் நடந்ததைப் பேசித்தீர்க்க ஏற்பாடு வேண்டும், அதே அனுபவம் உள்ளவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்க வழி வேண்டும். கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் 2001-ல் தேவைப்பட்டது இதுதான்.

மாறியது என்ன?

இரண்டு விஷயங்கள் மாறின. முதலாவது, மருத்துவர்களின் மனநலம் வெளிப்படையாகப் பேசப்பட்டது. பிரிட்டனில் கால்நடை மருத்துவர்களிடையே தற்கொலை விகிதம் பொதுமக்களைவிட மூன்று மடங்குக்கும் அதிகம் என்று 2010-ல் வந்த ஆய்வுக் கட்டுரை எடுத்துச் சொன்னது. 2014 இறுதியில் அந்த நாட்டுக் கால்நடை மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி 'மைண்ட் மேட்டர்ஸ்' என்ற மனநலத் திட்டத்தைத் தொடங்கியது.

இரண்டாவது மாற்றம் இதைவிடப் பெரியது. 2007 ஆகஸ்டில் சர்ரேயில் மீண்டும் கோமாரி வந்தது. இந்த முறை நோய் உறுதியான அன்றே கால்நடைப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2001-ல் 2,000 பண்ணைகளுக்கு மேல் பாதித்த நோய் 2007-ல் 8 பண்ணைகளோடு நின்றது. எத்தனை மருத்துவர்கள் அந்தக் கொடுமையான வேலையிலிருந்து தப்பித்திருப்பார்கள்!

2001 நோயால் ஏற்பட்ட செலவு சுமார் 800 கோடி பவுண்டு என்று கணக்கிட்டார்கள். விவசாயிகளுக்கு நஷ்டஈடு மட்டுமே 100 கோடி பவுண்டைத் தாண்டியது. மருத்துவர்கள் தூங்காத இரவுகளுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. சோர்ந்துபோனவரைப் பார்த்து 'மனதைத் திடப்படுத்திக்கொள்' என்று சொல்வது சுலபம். அவர்கள் மனம் பலவீனமானதல்ல, அவர்கள் தலையில் வைத்த சுமைதான் அதிகம். மூன்று நாள் தாமதமும் ஒரு நாளில் வந்த தடையும் அந்தச் சுமையை எவ்வளவு மாற்றின என்பதற்கு 2001-ம் 2007-ம் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஆறுதல் சொல்ல ஆள் வேண்டும்தான், ஆனால் சுமையைக் குறைக்கும் வேலையை அதற்கு முன்பே தொடங்கியாக வேண்டும்.