குடிசையும் பட்டாவும்

மலருக்கு ஏதாவது எழுதுங்கன்னு கேட்டப்போ, எனக்குத் தெரிஞ்சது வீடு போன கதைதான்னு சொன்னேன். அதையே எழுதச் சொல்லிட்டாங்க.

நான் வாக்கப்பட்டது வேதாரண்யம் பக்கம். 1991 வரைக்கும் இதெல்லாம் தஞ்சாவூர் மாவட்டம். அந்தக் காலத்துல கூலிக்காரங்க குடிசை போட்டிருந்த மண்ணு பெரும்பாலும் மிராசுதாருக்குத்தான் சொந்தம். கூலி கூடக் கேட்டாலோ, வேலைக்கு வரலைன்னாலோ, மனையைக் காலி பண்ணுன்னு ஒரு வார்த்தைதான். அப்புறம் கீத்தைப் பிரிச்சு எடுத்துக்கிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். அப்படி வெளியேத்தக் கூடாதுன்னு 1961ல ஒரு சட்டம் வந்தது. 1971ல கலைஞர் முதலமைச்சரா இருந்தப்போ வந்த குடியிருப்புச் சட்டம், குடிசை இருக்குற மனையையே அதுல இருக்குற விவசாயத் தொழிலாளிக்குச் சொந்தமாக்குச்சு.

எங்க வீட்டுக்கும் அப்படித்தான் பட்டா கிடைச்சது. 1977 நவம்பர் 12 புயலைப் பத்தி மாமியார் அடிக்கடி சொல்லுவாங்க. குடிசை முழுசா போச்சாம். ஆனா தண்ணி வடிஞ்சதும் அதே மனையில கம்பு நட்டாங்களாம், "எவனும் வந்து ஏன்னு கேக்கல"ன்னு சொல்லும்போது அவங்க முகத்தைப் பாக்கணும். ஒரே ஒரு குறை, பட்டாவுல இருந்தது ஆம்பளை பேரு மட்டும்தான்.

2004 டிசம்பர் 26 சுனாமி வந்தப்போ நான் பத்தாவது படிச்சுக்கிட்டிருந்தேன். நாகை மாவட்டத்துல மட்டும் 6,000 பேருக்கு மேல செத்துப் போனாங்க. வீடு இழந்தவங்களுக்கு அவசரத்துக்குத் தார் ஷீட்டுல தற்காலிகக் குடியிருப்பு போட்டுக் குடுத்தாங்க. உதவிதான், இல்லைன்னு சொல்லல. ஆனா வெயில் காலத்துல பகல்ல அதுக்குள்ள உக்கார முடியாது, பிள்ளையைத் தூக்கிக்கிட்டு மரத்தடிக்குப் போயிடுவாங்க. மழை வந்தா தண்ணி உள்ள. வருஷக்கணக்கா அதுலயே இருந்தவங்களும் உண்டு. அப்புறம் கட்டிக் குடுத்த வீடுகளை புருஷன், பொண்டாட்டி ரெண்டு பேர் பேர்லயும் சேர்த்துக் குடுக்கணும்னு அரசாங்கம் உத்தரவு போட்டுச்சு. குடிச்சிட்டு வந்து "என் வீட்டை விட்டு வெளிய போடி"ன்னு சொல்றவனுக்கு, அது என் வீடும்தான்னு காட்ட ஒரு காகிதம். இது சின்ன விஷயம் இல்லை.

கஜா 2018 நவம்பர் 16 அடிச்சது. நாங்க பள்ளிக்கூடத்துல இருந்தோம். விடிஞ்சு வந்து பாத்தா தென்னை எல்லாம் சாஞ்சு கிடக்கு, எங்க குடிசை இருந்த இடத்துல அடுப்புக்கல்லு மட்டும். மாமியார் பட்டாவைப் பாலித்தீன் பையில சுத்தி மடியில வச்சிருந்தாங்க. முழுசா போன குடிசைக்கு 10,000 ரூபாய் அறிவிச்சாங்க. கம்பு, கீத்துக்கே அது பத்தல. பட்டாவை எங்க பேருக்கு மாத்தி, பிரதமர் வீட்டுத் திட்டத்துல எழுதிக் குடுத்தோம். 1,20,000 ரூபாயோட கான்கிரீட் கூரைக்கு மாநில அரசு 50,000. சுவர் ஏற ஏறத்தான் தவணை வரும். நடுவுல நின்னு போன வேலையை ஓட்டினது நம்ம குழுவோட உள்கடன்தான். அந்த மாசம் தன் முறையை எனக்கு விட்டுக் குடுத்த அக்காவை மறக்க மாட்டேன்.

அந்த அக்கா குடிசையும் அதே ராத்திரி போனதுதான். ஆனா அவங்க இருக்குறது வாய்க்கால் புறம்போக்கு. 10,000 வந்தது, வீடு வரல. சொந்தமா மனை இருந்தாத்தான் வீடுன்னு சொல்லிட்டாங்க. மாத்து இடம் கேட்டு ஜமாபந்தியில மூணு தடவை மனு குடுத்தாச்சு. போன தடவை குழுவுல பன்னெண்டு பேர் கூடவே போனோம். ரசீது வாங்கிக்கிட்டு வந்திருக்கோம், அது இப்போ எங்க வீட்டுப் பெட்டியில மாமியார் பட்டாவோட சேர்ந்து இருக்கு. அக்கா வீட்டுல இன்னும் மழை ஒழுகுது, அதனாலதான்.