எம். ஜே. கோபாலன்
மொரப்பாக்கம் ஜோசியம் கோபாலன் (சூன் 6, 1909 - டிசம்பர் 21, 2003) தமிழ்நாட்டைச் சேர்ந்த துடுப்பாட்ட, வளைதடிப் பந்தாட்ட வீரர் ஆவார். இவ்விரு விளையாட்டுகளிலும் இந்தியாவுக்காக விளையாடிய மிகச் சிலருள் இவரும் ஒருவர். இவர் வலக்கை மித வேகப் பந்து வீச்சாளர்.

தொடக்கம்

செங்கல்பட்டு மாவட்டத்தின் மொரப்பாக்கத்தில் பிறந்த இவர், சென்னைத் திருவல்லிக்கேணியில் வளர்ந்தார். இவரது திறமையை முதலில் கண்டறிந்தவர் சி. பி. ஜான்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர். அவரது உதவியால் பர்மா ஷெல் நிறுவனத்தில் கோபாலனுக்கு வேலையும் கிடைத்தது. விளையாட்டால் வருமானம் ஏதும் இல்லாத அக்காலத்தில் இது சிறிய உதவியன்று. பொங்கலை ஒட்டிச் சென்னையில் இந்தியருக்கும் ஐரோப்பியருக்கும் இடையே நடந்துவந்த மாகாணப் போட்டிகளில் இவர் பெயர் பெற்றார்.

துடுப்பாட்டம்

1934 சனவரியில் கல்கத்தா ஈடன் தோட்டத்தில் இங்கிலாந்துக்கு எதிராக நடந்த தேர்வுப் போட்டியில் விளையாடினார். 39 ஓட்டங்கள் கொடுத்து ஓர் இலக்கை வீழ்த்தினார். இரு முறை துடுப்பெடுத்தாடி 18 ஓட்டங்கள் பெற்றார். இவர் ஆடிய தேர்வுப் போட்டி இது ஒன்றே.

அதே ஆண்டு நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் சென்னை, மைசூர் அணிகள் மோதின. ரஞ்சிக் கோப்பையின் முதல் போட்டியான இதில், முதல் பந்தை மைசூரின் கர்ட்டிசுக்கு வீசியவர் கோபாலன். மைசூர் 48, 59 ஓட்டங்களுக்குச் சுருண்டது. சென்னை 130 எடுத்து ஒரே நாளில் வென்றது. எனினும் அன்றைய வெற்றிக்குப் பெரிதும் காரணமானவர் 35 ஓட்டங்களுக்கு 11 இலக்குகளை வீழ்த்திய ஏ. ஜி. ராம்சிங்கே.

1936இன் தெரிவு

1935இல் தியான் சந்த் தலைமையில் நியூசிலாந்து சென்று, ஆடிய 48 போட்டிகளிலும் வென்ற இந்திய வளைதடிப் பந்தாட்ட அணியில் கோபாலன் நடுக்கள வீரராக இருந்தார். அதனால் 1936 பெர்லின் ஒலிம்பிக் அணியில் இவருக்கு இடம் ஏறக்குறைய உறுதியாக இருந்தது. ஆனால் அதே கோடையில் துடுப்பாட்ட அணி இங்கிலாந்து செல்லவிருந்தது. இரண்டுக்கும் செல்ல இயலாத நிலையில் கோபாலன் துடுப்பாட்டத்தைத் தெரிவு செய்தார்.

விஜயநகரம் மகாராஜகுமார் தலைமையிலான அப்பயணம் பூசல்களுக்கே பெயர் போனது. முகமது நிசார், அமர் சிங் ஆகியோர் வேகப்பந்து வீச்சுக்கு முன்னின்ற அவ்வணியில், மூன்று தேர்வுப் போட்டிகளில் ஒன்றில்கூட இவர் சேர்க்கப்படவில்லை. ஆகத்து 15 அன்று பெர்லினில் இந்தியா செருமனியை 8-1 என வென்று தங்கப் பதக்கம் பெற்றது.

பிற்காலம்

1951-52 வரை முதல்தரப் போட்டிகளில் ஆடி 194 இலக்குகளை வீழ்த்தினார், ஓட்டங்கள் 2,916. சென்னை அணியின் தலைவராகவும், பின்னர் இந்திய அணித் தேர்வாளராகவும் இருந்தார். 1952-53இல் சென்னை, இலங்கை அணிகளுக்கிடையே தொடங்கப்பட்ட கோபாலன் கோப்பை இவர் பெயரால் அமைந்தது. தேர்வுத் தகுதி பெற்றிராத அக்கால இலங்கை வீரர்களுக்கு முதல்தரப் போட்டி அனுபவம் தந்தது இக்கோப்பையாகும்.

பதிவாகியுள்ள பிறந்த நாளின்படி, 94ஆம் வயதில் சென்னையில் காலமானபோது உயிருடன் இருந்த தேர்வுத் துடுப்பாட்ட வீரர்களில் இவரே மூத்தவர்.