பால் கொடுக்கும் நேரம்

நாகலாபுரம் ஒரு தாயின் பெயரைத் தாங்கி நிற்கும் ஊர். கிருஷ்ணதேவராயர் தம் அன்னை நாகலாம்பாளின் நினைவாக இந்தப் பெயரைச் சூட்டினார் என்பார்கள். இன்று திருப்பதி மாவட்டத்தில் உள்ள இந்த ஊர், அன்று சென்னை மாகாணத்தில் இருந்தது. அதனால், பிள்ளை பெற்றவளுக்குச் சம்பளத்தோடு ஓய்வு என்ற சட்டம் இந்தப் பக்கத்துக்குச் சென்னை வழியாகத்தான் வந்தது.

அதற்கு முன்னும் இங்கே தாய்மார் வேலை செய்துகொண்டுதான் இருந்தார்கள். நகரி, புத்தூர், நாராயணவனம் எல்லாம் தறிச் சத்தம் கேட்கும் ஊர்கள். வீட்டுத் தறியில் இழை முடிகிறவள் பிள்ளை அழுதால் எழுந்துபோய்ப் பால் கொடுப்பாள், தூளியை ஆட்டிவிட்டுத் திரும்ப உட்காருவாள். நேரத்தை மாற்றித் தரும்படி யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் தறி நின்றால் கூலியும் நின்றது. ஆலைக்குப் போனவளுக்கோ சங்கு ஊதும் நேரம்தான் நேரம்.

1919இல் வாஷிங்டனில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, தாய்மாருக்குப் பன்னிரண்டு வார ஓய்வு வேண்டும் என்றது. திரும்பி வந்தபின் பாலூட்ட ஒரு நாளில் இருமுறை அரை மணி நேரம் தர வேண்டும் என்றும் சொன்னது. அந்த உடன்படிக்கையை இந்தியா ஏற்கவே இல்லை. 1924இல் தொழிற்சங்கத் தலைவர் என்.எம். ஜோஷி மத்திய சட்டசபையில் கொண்டுவந்த மகப்பேற்று மசோதா தோற்றது. பம்பாய்ச் சட்டமன்றத்தில் 1928இல் அம்பேத்கர் அத்தகைய மசோதாவை ஆதரித்துப் பேசினார். 1929இல் அது சட்டமாயிற்று. சென்னை மாகாணம் 1934இல் தன் சட்டத்தை இயற்றியது.

நாடு முழுவதற்குமான சட்டம் வர 1961 ஆகிவிட்டது. பன்னிரண்டு வார விடுப்போடு, குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை தினமும் இரண்டு பாலூட்டும் இடைவேளைகளையும் அது தந்தது. எவ்வளவு நேரம்? சுரங்கங்களுக்கான 1963ஆம் ஆண்டு விதிகள் ஒவ்வொன்றுக்கும் பதினைந்து நிமிடம் என்றன. குழந்தை இருக்கும் இடத்துக்குப் போய்வரும் நேரம் தனி. பசித்த பிள்ளைக்குக் கால் மணி நேரம் எந்தக் கணக்கில் போதும்?

கடல் தாண்டிப் போன தமிழ்ப் பெண்களுக்கு இந்தக் கேள்வி முன்பே தெரியும். மலாயா ரப்பர்த் தோட்டங்களில் பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுப் பால்வெட்டப் போனார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் அதற்குப் பிள்ளைக்காம்பரா என்று பெயர். இலங்கைச் சட்டம் இன்று ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் தாய்க்கு இருமுறை பாலூட்ட நேரம் தருகிறது. வேலையிடத்தில் பிள்ளைக்காப்பகம் இருந்தால் தலா அரை மணி, இல்லாவிட்டால் தலா ஒரு மணி. தூரத்தையும் கணக்கில் எடுத்த நியாயமான ஏற்பாடு இது.

இந்தியாவில் 2017இல் விடுப்பு முதலிரு குழந்தைகளுக்கு இருபத்தாறு வாரமாக உயர்ந்தது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும், தாய் தினம் நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்றும் வந்தது. விடுப்பு முடிந்தபின் வேலையின் தன்மை இடம்கொடுத்தால், முதலாளியும் அவளும் பேசி ஒத்துக்கொண்டபடி வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என ஒரு பிரிவும் சேர்ந்தது. நல்ல பிரிவுதான். ஆனால் முதலாளி ஒத்துக்கொள்ளாவிட்டால் அவள் கையில் ஒன்றும் இல்லை.

கணினி முன்னால் வேலை பார்க்கிறவளுக்கு அந்தப் பிரிவு பயன்படலாம். நாகலாபுரம் அடங்கிய அதே சத்தியவேடு சட்டமன்றத் தொகுதியில்தான் 2008 முதல் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டை இயங்குகிறது. கைப்பேசி முதல் பல பொருள்கள் அங்கே தயாராகின்றன, வரிசையில் பெண்கள் நிறைய. அந்த வேலையை யாரும் வீட்டுக்குத் தூக்கிப்போக முடியாது. அங்கே திரும்பி வரும் தாய் கேட்கக்கூடியது வேறு: ராத்திரி ஷிப்ட் வேண்டாம், சில மாதம் பகல் ஷிப்டே போடுங்கள், ஓவர்டைம் சொல்லாதீர்கள், மாலை பஸ்ஸைத் தவறவிடாமல் போக விடுங்கள். இவற்றில் எதையும் உரிமையாகக் கேட்க 1961ஆம் ஆண்டுச் சட்டத்திலும் 2017ஆம் ஆண்டுத் திருத்தத்திலும் ஒரு வரிகூட இல்லை. சூப்பர்வைசர் மனசு வைத்தால் கிடைக்கும். இல்லையென்றால் பிள்ளை பாட்டியிடம், புட்டிப்பாலோடு.