அட்டாரி எல்லை மூடல்: பாதாம் முதல் இந்துப்பு வரை... அடி யாருக்கு?

பஹல்காம் தாக்குதலுக்கு மறுநாள், 2025 ஏப்ரல் 23 அன்று, பஞ்சாபில் உள்ள அட்டாரி சோதனைச் சாவடியை மூடுவதாக மத்திய அரசு அறிவித்தது. பாகிஸ்தானுக்கு எதிரான நடவடிக்கை அது. ஆனால் அந்த கேட் மூடியதும் பெருமளவு நின்றுபோனது பாகிஸ்தான் சரக்கு இல்லை, ஆப்கானிஸ்தான் சரக்கு. எப்படி?

அட்டாரி ஏன் முக்கியம்?

அமிர்தசரஸில் இருந்து 28 கி.மீ. தூரத்தில் இருக்கிறது அட்டாரி. எதிர்ப்பக்கம் பாகிஸ்தானின் வாகா. 2012-ல் இங்கே ஒருங்கிணைந்த சோதனைச் சாவடி திறக்கப்பட்டது. கஸ்டம்ஸ், கிடங்கு, லாரி நிறுத்துமிடம் எல்லாம் ஒரே வளாகத்தில். 2023-24-ல் மட்டும் இந்த வழியாக நடந்த வர்த்தகம் சுமார் ரூ.3,886 கோடி.

பாகிஸ்தான் வியாபாரம் எப்போது சரிந்தது?

2019-லேயே சரிந்துவிட்டது. புல்வாமா தாக்குதலுக்குப் பிறகு பாகிஸ்தான் பொருட்களுக்கு இந்தியா 200% இறக்குமதி வரி போட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில், காஷ்மீர் சிறப்பு அந்தஸ்து நீக்கத்தைக் காரணம் காட்டி பாகிஸ்தான் வர்த்தகத்தை நிறுத்தியது. விளைவு? 2018-19-ல் சுமார் 49.5 கோடி டாலராக இருந்த இறக்குமதி, அடுத்த ஆண்டே சுமார் 1.4 கோடி டாலருக்கு வந்துவிட்டது.

இதில் ஆப்கானிஸ்தான் எங்கே வந்தது?

கடற்கரையே இல்லாத நாடு அது. இந்தியாவுக்கு சரக்கு அனுப்ப பாகிஸ்தான் வழிதான் கிட்டத்து வழி. பாதாம், அத்தி, உலர் திராட்சை, பெருங்காயம் எல்லாம் இப்படித்தான் வந்தன. அதுவும் ஒருவழிப் பாதைதான். அதே லாரியில் இந்திய சரக்கை ஏற்றிப் போக பாகிஸ்தான் அனுமதிப்பதில்லை.

2019-க்குப் பிறகு அட்டாரியை ஓட வைத்ததே இந்த ஆப்கன் சரக்குதான். எல்லையை மூடியதும் லாரிகள் நடுவழியில் சிக்கின. மே மாதம் சுமார் 160 லாரிகளை மட்டும் சிறப்பு அனுமதி கொடுத்து இந்தியா உள்ளே விட்டது.

அப்போ பாதுகாப்பு பயம் வீணா?

இல்லை. 2019 ஜூனில் பாகிஸ்தானில் இருந்து வந்த பாறை உப்பு மூட்டைகளுக்குள் 532 கிலோ ஹெராயின் இருந்ததை இதே அட்டாரியில் கஸ்டம்ஸ் அதிகாரிகள் கண்டுபிடித்தார்கள். ஆனால் ஒன்றை கவனிக்க வேண்டும். கேட் திறந்திருந்து, மூட்டையைப் பிரித்துப் பார்த்ததால்தான் அது சிக்கியது. சோதனையைக் கூட்டுவது வேறு, வழியையே மூடுவது வேறு. முதலாவதில் சரக்கு தாமதமாகும், செலவு கூடும். இரண்டாவதில் அந்த வழியை நம்பியவர்களின் பிழைப்பே போகும்.

யாருக்கு நஷ்டம்?

பெரிய வியாபாரிக்கு மாற்று வழி உண்டு. பாகிஸ்தான் சரக்கு துபாய் சுற்றி வந்த கதை பல வருடமாக நடந்ததுதான். ஆப்கன் சரக்கும் ஈரானின் சாபஹார் துறைமுகம் வழியாகவோ, விமானத்திலோ வரலாம். செலவு கூடும், நாள் கூடும், அவ்வளவுதான்.

ஆனால் அட்டாரியில் மூட்டை தூக்கும் தொழிலாளி துபாய்க்குப் போய் மூட்டை தூக்க முடியாது. உள்ளூர் லாரிக்காரர், சரக்கு ஏஜென்ட், ரோட்டோர தாபா நடத்துபவர் என எல்லோருக்கும் லாரி வந்தால்தான் அன்றைய வருமானம். அந்தப் பக்கம், விளைச்சலை விற்க வழியில்லாமல் நிற்பது ஆப்கன் விவசாயி. இந்தியா-பாகிஸ்தான் சண்டையில் அவருக்கு எந்தப் பங்கும் இல்லை.

நம்ம ஊருக்கு என்ன?

நாட்டு மருந்துக் கடையில் வாங்கும் இந்துப்பு ஞாபகம் இருக்கிறதா? அதில் பெரும்பகுதி பாகிஸ்தானின் கேவ்ரா போன்ற சுரங்கங்களில் இருந்து வந்தது. 2025 மே 2 அன்று, வேறு நாடு சுற்றி வரும் பாகிஸ்தான் பொருட்களுக்கும் சேர்த்தே இந்தியா தடை போட்டது. ஹிமாச்சலின் மண்டி பகுதியிலும் பாறை உப்பு கிடைக்கிறது, ஆனால் அளவு குறைவு.

எல்லையை எப்போது மூடுவது, எப்போது திறப்பது என்பது அரசு எடுக்கும் முடிவு. பாதுகாப்பு காரணம் நியாயமாகவே இருக்கலாம். ஆனாலும் அதற்கான பில் வந்து சேர்வது, எல்லைக்கு மிக அருகில் இருப்பவர்களுக்கும் மாற்று வழி இல்லாதவர்களுக்கும்தான்.